ஸ்டிக்கர் எச்சவியல்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூல் நூலே அன்று என்பது பழைய ஆசிரியர்களின் கட்சி. ஆகவே சுருக்கமாக ஒரு பாயிரம். இவ்வாய்வின் எல்லை, ஒரு சிவப்பு நிற நூறு சிசி மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க். அதிலும் வலப்பக்கத்தில் ஏறத்தாழ ஒரு சாண் இடம். நுதலிய பொருள், ஸ்டிக்கரை உரித்த பிறகும் உரிய மறுத்து அங்கேயே தங்கிவிட்ட பசை. கேட்போர், சுரண்டிச் சுரண்டி நகம் தேய்ந்தவர்கள். ஆக்கியோன் தமிழ் இலக்கியம் படித்தவன்; வேதியியலைப் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டவன். பயன் என்னவென்று நூலின் கடைசியில்தான் ஆக்கியோனுக்கே தெரிந்தது என்பதால், அதை இங்கே முன்கூட்டிச் சொல்வது முறையாகாது.

நூல் எழுந்த காரணத்தை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் கடைசியில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தனியார் வண்டிகளில் பிரஸ், போலீஸ், தலைமைச் செயலகம், மின்வாரியம் என்றெல்லாம் ஒட்டியிருப்பதை எடுத்துவிட வேண்டும். மே 2 முதல் பிடிபட்டால் முதல் முறைக்கு 500 ரூபாய் அபராதம். மே 1 புதன்கிழமை, உழைப்பாளர் தினம், விடுமுறை. எங்கள் தெருவில் அன்று உழைக்காத ஆண் ஒருவர்கூட இல்லை. மைத்துனரின் நண்பர் ஒரு வாரப் பத்திரிகையில் வேலை பார்க்கிறார் என்ற ஒரே தகுதியில் பல வருடம் ‘பிரஸ்’ என்று வண்டி ஓட்டியவர், வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து சாவியால் சுரண்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் ஒருவர் ‘அரசு’ என்ற சொல்லில் ‘சு’வை எடுத்துவிட்டு ‘அர’வோடு களைத்துப்போய், சிவபக்தராக எஞ்சினார்.

என் வண்டியில் அதிகாரம் எதுவும் ஒட்டப்படவில்லை. ஒரு சிங்கம் இருந்தது. 2010-இல் ‘சிங்கம்’ படம் வந்த சூட்டில் வண்டியின் முதல் சொந்தக்காரர் ஒட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியபோதே அது அங்கே வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. சிங்கத்துக்குக் காவல் துறை தடை எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் தெருவே சுரண்டும்போது ஒருவன் மட்டும் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பது நன்றாகவா இருக்கும்? பிடரியின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தேன்.

சிங்கம் வந்தது; தவணை முறையில் வந்தது. ஒரு மீசை, அரைக் காது, மூக்கின் நுனி என்று நகக்கண் அளவுத் துண்டுகளாக நாற்பது நிமிடம் வந்தது. முடிவில் சிங்கம் போயிற்று. சிங்கத்தின் வடிவில் பசை இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “அங்கிள், இது ஆடா?” என்றான். ஆய்வு அந்தக் கணத்தில் தொடங்கிற்று.

சொல்லாராய்ச்சி

எஞ்சி நிற்பது எச்சம். காகம் இடுவதும் எச்சம், ஒருவன் தனக்குப் பின் விட்டுப்போகும் பிள்ளையும் பேரும் எச்சம். தொல்காப்பியர் தம் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கே எச்சவியல் என்று பேரிட்டார். டேங்கைப் பொறுத்தவரை காக்கையின் எச்சமும் வண்ணத்தை அரிக்கக்கூடியதுதான், ஆனால் சுடச்சுடத் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போய்விடும் நாகரிகம் அதற்கு உண்டு. ஸ்டிக்கரின் எச்சத்துக்கு அந்த நாகரிகம் கிடையாது.

இலக்கணத்தில் பெயரெச்சம் என்று ஒன்று இருக்கிறது. ‘ஒட்டிய’ என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. ஒட்டிய என்ன என்று கேள்வி எழும். ஒட்டிய மண், ஒட்டிய தூசி என்று ஒரு பெயரைக் கொண்டு முடிந்தால்தான் அதற்கு அமைதி. என் டேங்கில் தங்கிய பசை இந்த விதியை அணுவளவும் மீறவில்லை. முதல் நாள் அது தேன் நிறத்தில் பெயரின்றி இருந்தது. மூன்றாம் நாள் கிண்டி மேம்பாலத்துத் தூசியைக் கொண்டு முடிந்தது. அதற்கடுத்த ஓரிரு நாளுக்குள் கால்சட்டை நூல், வேப்பம்பூ, முழுசாக ஓர் எறும்பு ஆகிய பெயர்களையும் கொண்டு முடிந்தது. எச்சம் என்று தமிழர் பெயரிட்டது காரணப்பெயரே என்க.

பசை என்ற சொல்லுக்கு ஈரம், பிசுபிசுப்பு, செல்வம் என்று பல பொருள் உண்டு. ‘பசையுள்ள ஆள்’ என்றால் பணக்காரர். அந்தப் பொருளில் பார்த்தாலும் எங்கள் வீட்டில் பசையுள்ள ஒரே உருப்படி டேங்க்தான்.

ஸ்டிக்கர் என்ற சொல்லைப் பற்றி இலக்கணவாதிகளுக்கு ஒரு குறை உண்டு. தனி மெய்யெழுத்து தமிழில் சொல்லுக்கு முதலாகாது. ‘ஸ்’ வாசலில் நிற்க உரிமையில்லாதது. ஆகவே ‘இஸ்டிக்கர்’ என்று ஓர் உயிரை முன்னால் நிறுத்தி உச்சரிக்கும் நம் மெக்கானிக்குகளே தமிழ் மரபைக் காத்துவருகிறார்கள். சிரிப்பவர்கள் திருந்த வேண்டும். இன்னொரு பெயரும் வழக்கில் இருக்கிறது. வண்டி எழுத்து வெட்டும் கடைகளுக்கு ஊரெங்கும் ‘ரேடியம் கடை’ என்றுதான் பெயர். மேரி கியூரி 1898-இல் கண்டறிந்த ரேடியத்துக்கும் இந்தக் கடைகளுக்கும் எந்த உறவும் இல்லை. பழைய கைக்கடிகாரங்களின் முள்ளில் இருட்டிலும் ஒளிர ரேடியம் பூசினார்கள். இருட்டில் மின்னுவதெல்லாம் ரேடியம் என்ற நினைப்பு அங்கிருந்து வந்திருக்கலாம். ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் ஸ்டிக்கர்களில் இருப்பது பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ நுண்ணிய பட்டகங்களோதான். எனினும் கதிர்வீச்சுக்கும் இத்துறைக்கும் உறவே இல்லையென்றும் தள்ளிவிட முடியாது. அது பின்னால் வரும்.

புணரியல்

இரண்டு சொற்கள் சேர்வதைப் புணர்ச்சி என்பர். முன்னே நிற்பது நிலைமொழி, பின்னே வந்து சேர்வது வருமொழி. இங்கே டேங்க் நிலைமொழி. (பெரும்பாலும் நிற்பதே என் வண்டியின் இயல்பாதலால் இப்பெயர் மிகப் பொருந்தும்.) சிங்கம் வருமொழி. இரண்டுக்கும் நடுவில் சாரியை என்று ஒன்று வரும். ‘மரத்தை’ என்பதைப் பிரித்தால் மரம் + அத்து + ஐ. அந்த ‘அத்து’ மரத்துக்கும் சொந்தமில்லை, ‘ஐ’க்கும் சொந்தமில்லை, சேர்த்து வைக்க வந்தது. சொல்லைப் பிரித்தவுடன் அது மரியாதையாக விலகிக்கொள்ளும். பசையும் அப்படிச் சேர்த்து வைக்க வந்த சாரியைதான். ஆனால் பிரித்த பிறகும் அது நிலைமொழியின் மேல் உட்கார்ந்துகொண்டு சொத்தில் பங்கு கேட்கிறது. பவணந்தியார் காலத்தில் மோட்டார் சைக்கிள் இருந்திருந்தால் இதற்கென்று ஒரு சூத்திரமாவது செய்திருப்பார்.

இது ஏன் இப்படி? ஸ்டிக்கரின் பசை திடமும் இல்லை, திரவமும் இல்லை. அழுத்தினால் திரவம்போல் பரவிப் பரப்பின் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களுக்குள் எல்லாம் இறங்கும். இழுத்தால் திடப்பொருள்போல் விறைத்துக்கொள்ளும். ரப்பரையோ அக்ரிலிக்கையோ அடிப்படையாகக் கொண்டு செய்கிறார்கள். ரப்பர் வகையில் ஒட்டும் தன்மை கூடுவதற்காகப் பிசின்களைச் சேர்ப்பார்கள். அவற்றில் ஒன்று பைன் மரத்திலிருந்து வருவது. பைன் மரப் பாலைக் காய்ச்சி வடித்தால் மேலே ஆவியாகிப் போவது டர்பென்டைன், அடியில் தங்குவது ரோசின். டர்பென்டைன் பசையைக் கரைக்கும்; ரோசின் பசையாகி ஒட்டும். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவன் போலீஸ், ஒருவன் திருடன் என்ற நம் சினிமாக் கதை இதிலிருந்து எடுக்கப்பட்டதா என்று ஆராய வேண்டும்.

புதிய ஸ்டிக்கர் முழுதாக உரியும், பழையது பொடிப்பொடியாக வரும். இதற்கும் காரணம் உண்டு. ஸ்டிக்கரின் மேல்தோல் வினைல். வினைல் இயல்பில் விறைப்பானது. வளைவதற்காக அதில் ஒருவகை எண்ணெய்த்தன்மையுள்ள பொருளைக் கலக்கிறார்கள். வெயிலில் பத்துப் பன்னிரண்டு வருடம் நின்றால் அந்த மெதுப்பு தோலை விட்டு வெளியேறுகிறது. அதில் ஒரு பங்கு கீழேயுள்ள பசைக்குள்ளும் இறங்குகிறது. தோல் அப்பளமாகிறது, பசை ஜவ்வாகிறது. மேலே உள்ளவன் நொறுங்கக் கீழே உள்ளவன் கொழுப்பது அரசியல் நூல்களில் காணாத முறை.

ஈண்டுப் பிடியின் வகைகளையும் சொல்லிவிடலாம். உடும்புப்பிடி நகத்தால் ஆவது. பல்லிப்பிடி நகத்தாலும் பசையாலும் ஆவதன்று; அதன் பாதத்தில் உள்ள எண்ணற்ற நுண்மயிர்கள் சுவரோடு கொள்ளும் மூலக்கூறு ஈர்ப்பால் ஆவது என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவினார்கள். ஐம்பது வருடம் ஒரே உத்தரத்தில் குடியிருந்தாலும் பல்லி தன் காலடியில் ஒரு சொட்டுப் பசையை விட்டுப்போவதில்லை. அதன் வாலை விட்டுப்போகும், அது வேறு விஷயம். மூன்றாவது பிடிதான் நம் சிங்கத்தின் பிடி.

இத்துறையின் வரலாறு ஒரு விசித்திரம். 1920-களில் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்தில் கார்களுக்கு இரண்டு வண்ணம் அடிப்பது நாகரிகமாக இருந்தது. ஒரு வண்ணத்தை மறைத்து இன்னொன்றை அடிக்க வேண்டும். மறைக்க ஒட்டிய தாளை உரித்தால் காய்ந்த வண்ணமும் கூடவே உரிந்து வரும். பெயிண்டர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். உப்புத்தாள் மாதிரியைக் கொடுக்கப் பட்டறைக்குப் போயிருந்த 3எம் நிறுவனத்து இளைஞர் ரிச்சர்ட் ட்ரூ அந்தத் திட்டைக் காதில் வாங்கினார். அதன் விளைவாக 1925-இல் வந்ததுதான் மாஸ்கிங் டேப். அதாவது இன்றைய ஒட்டும் நாடாக்களின் குலமுதல்வன் பிறந்ததே வண்டியின் வண்ணத்தைப் பசையிடமிருந்து காப்பாற்றத்தான். இதைப் படித்தபோது நான் டேங்கை ஒருமுறை பார்த்தேன்.

அதோடும் முடியவில்லை. தானே ஒட்டும் லேபிளை 1935-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டான்டன் ஏவரி என்பவர் செய்து விற்கத் தொடங்கினார். பரிசுப்பொருள் கடைகளில் விலைச்சீட்டாக ஒட்டலாம், தடம் இல்லாமல் உரிக்கலாம் என்பது அதன் பெருமை. அதனால் தொழிலுக்கே அவர் வைத்த பெயர் ‘கம் கிளீன்’. சுத்தமாக வந்துவிடும் என்று பொருள். உலகின் முதல் ஸ்டிக்கர் வியாபாரமே ஒரு வாக்குறுதியைப் பெயராகச் சூட்டிக்கொண்டு பிறந்திருக்கிறது. தேர்தல் பார்த்துப் பழகிய நமக்கு ‘ஒட்டு’க்கும் ‘ஓட்டு’க்கும் நடுவில் ஒரு மாத்திரைதான் வித்தியாசம் என்பது புதிதல்ல.

கதிர்வீச்சு பற்றி மேலே குறித்தோம். 2008-இல் கலிபோர்னியாவில் இயற்பியலாளர்கள் சாதாரண ஒட்டும் டேப்பை வெற்றிடத்தில் வைத்து உரித்தபோது எக்ஸ்-கதிர்கள் வெளிப்பட்டன. அதை வைத்து ஒரு விரலின் எலும்பைப் படம்கூட எடுத்தார்கள். ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளிவந்த செய்தி இது. எங்கள் வாசலில் வெற்றிடம் கிடைக்காததால் நான் சிங்கத்தை உரித்தபோது அப்படி எதுவும் வெளிப்படவில்லை. மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா பார்த்த பார்வை ஒன்றுதான் எலும்பு வரை ஊடுருவியது.

பரபக்கம்

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்தார். முன்னதில் பிறர் மதம் கூறி மறுத்தல். பின்னதில் தன் மதம் கூறி நிறுத்தல். டேங்கின் முன் வந்து நின்ற மதங்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொருவருக்கும் தம் வழியே வழி. அவற்றை மறுக்குமுன் நிலைமொழியின் உடம்பை அறிந்துகொள்ள வேண்டும்.

டேங்கின் இரும்புக்கு மேலே பிரைமர், அதன்மேல் கலர், அதன்மேல் பளபளப்புக்கும் காப்புக்குமாகக் கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து சுமார் நூறு மைக்ரான்; ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம். அதில் கிளியர் கோட்டின் பங்கு பாதிகூடத் தேறாது. நாம் துணியை அழுத்தி ‘கரகர’வென்று தேய்க்கும்போது, நம் எதிரியாகிய பசைக்கும் நம் சொத்தாகிய வண்ணத்துக்கும் நடுவில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு சவ்வு. சாலைத் தூசியில் இருக்கும் மணல் குவார்ட்ஸ். சாதாரண இரும்பைவிடக் கடினமானது. தூசியைக் கழுவாமல் துணி போடுகிறவர் துணியால் துடைக்கவில்லை, உப்புத்தாளால் துடைக்கிறார். இதை அறியாதவர் எந்த மதத்தில் சேர்ந்தாலும் கடைத்தேற மாட்டார்.

நகவாதம் ஆதி மதம். கருவி இயற்கையிலேயே கிடைப்பது, செலவில்லை, நகம் மென்மையானது என்பதால் பெரும்பாலும் கீறலும் இல்லை. குறை ஒன்றுதான்: ஒரு சாண் சிங்கத்துக்கு ஒரு மனிதனுக்குள்ள பத்து நகங்கள் போதா. நகம் தீர்ந்தவர்கள் தாவுவது பிளேடுவாதத்துக்கு. இதற்கு மறுப்பு எழுத வேண்டியதில்லை. ‘பிரஸ்’காரரின் மட்கார்டைப் பார்த்தால் போதும், சொல் போய்விட்டது, ஆனால் அதே சொல் இப்போது வெள்ளிக் கோடுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு அபராதம் உண்டா என்பதைச் சட்டம் தெளிவுபடுத்தவில்லை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் போட்டவர் ஒருவரும் உண்டு. அவர் டேங்க் இப்போது பனி மூடிய கொடைக்கானல்.

மெக்கானிக் அண்ணன் பெட்ரோல்வாதி. “இதுக்கெல்லாமா சார் லீவு போட்டு உட்காருவீங்க?” என்று பெட்ரோல் பைப்பைப் பிடுங்கி, பனியன் வேஸ்ட்டில் நாலு சொட்டு விட்டு ஒரு தேய். (திருப்பூரில் பனியன் வெட்டிய மிச்சம் தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகள் அத்தனைக்கும் கைக்குட்டையாகிறது, அதுவும் ஓர் எச்சம்தான்.) பசை நெகிழ்ந்தது உண்மை. ஆனால் பெட்ரோல் இருந்த இடத்தில் இருக்காது; பசைக்குள் இறங்கி அதை ஊறவைப்பதற்குள் ஆவியாகி ஓடிவிடும். நெகிழ்ந்த பசை மறுபடி இறுகும், இந்த முறை பரந்த பரப்பில். சிங்கம் பாதிக் கரைந்து, முகம் வீங்கி, நீர்யானையாயிற்று. போதாததற்குப் பெட்ரோலின் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும் சாதி. மே மாத வெயிலில், சூடு ஆறாத இன்ஜினுக்கு மேலே அதை வைத்துக்கொண்டு “பீடி இருக்கா தம்பி” என்று அண்ணன் பின்னால் திரும்பிக் கேட்டபோது நான் அந்த மதத்தைத் துறந்தேன்.

அவர் சீடன் தின்னர்வாதி. தின்னருக்குப் பசையும் தெரியாது, வண்ணமும் தெரியாது. எல்லாவற்றையும் சமமாகக் கரைக்கும் அத்வைதி. கம்பெனியில் சூளையில் வைத்துச் சுட்ட வண்ணமாக இருந்தால் ஒரு நிமிடத் தொடுதலைத் தாங்கினாலும் தாங்கும். வெளியில் ரீபெயிண்ட் அடித்த டேங்காக இருந்தால் பசையோடு சேர்ந்து சிவப்பும் துணிக்கு வந்துவிடும். என் டேங்க் எந்த வகை என்று எனக்கே தெரியாது. ஆகையால் சீட்டைக் கழற்றி, அதற்கடியில் எவரும் பார்க்காத டேங்கின் வால்பகுதியில் ஒரு சொட்டு வைத்தேன். பஞ்சில் இளஞ்சிவப்பு. ஆய்வுலகில் நான் பெருமைப்படக்கூடிய காரியம் இது ஒன்றுதான் என்பதால் இங்கே பதிந்துவைக்கிறேன்: எதை ஊற்றுவதானாலும் முதலில் வாலில் ஊற்றுக.

2020-இல் வாங்கிக் குவித்த சானிட்டைசரைத் தீர்க்க வழி தேடிக்கொண்டிருந்த மாமனார் அதைக் கொண்டுவந்தார். அதிலுள்ள ஆல்கஹால் சில பசைகளை நெகிழ்த்தும். என் பசையை அது கிருமிநீக்கம் செய்ததோடு சரி. எறும்பு இன்னும் சுத்தமாக இருந்தது.

சுபக்கம்

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. அம்மாவுக்குப் பண்ருட்டிப் பக்கம். அந்தச் சீசனில் ஊரிலிருந்து யாராவது ஒரு பலாப்பழத்தை பஸ்ஸில் ஏற்றிவிடாமல் இருந்ததில்லை. கூடத்தில் பழைய பேப்பரை விரித்து அம்மா பலா அறுத்துக்கொண்டிருந்தபோது, நான் வாசலில் சோப்புத் தண்ணீரும் பனியன் வேஸ்ட்டுமாக நீர்யானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

“என்னடா பண்ற?”

“பசை போக மாட்டேங்குதும்மா.”

“பலாப்பால் கையில ஒட்டுனா சோப்பா போடுவ?”

இவ்வொரு தொடருக்கு விரிவுரை எழுதலாம். பலாவின் பாலில் ரப்பர் வகைப் பொருள் இருக்கிறது. ரப்பர் தண்ணீரோடு சேராது. தண்ணீரும் சோப்பும் கொண்டு அதனிடம் போவது, தமிழ் தெரியாதவரிடம் சத்தமாகத் தமிழ் பேசுவது போன்றது. எண்ணெய் அதன் இனம். இனம் இனத்தோடு சேரும்; எண்ணெய் பசைக்குள் நுழைந்து, அதை ஊதவைத்து, உள்ளிருந்தே பிடியைத் தளர்த்தும். அதனால்தான் பலா அறுக்குமுன் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவுகிறார்கள். ‘உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும்’ என்ற பழமொழியை நாம் விதி பற்றியது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது பரப்புகளின் ஒட்டுதிறன் பற்றிய சோதனைக் குறிப்பு. எண்ணெய் பூசினால் ஒட்டாது என்பது ஊருக்கே தெரிந்த விஷயமாக இருந்ததால்தானே அப்படியும் ஒட்டுவதைக் கண்டு ஒருவர் வியந்திருக்கிறார்!

முறை வருமாறு. வண்டியை நிழலில் நிறுத்தி டேங்க் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். வண்டி கழுவும் ஷாம்பூ போட்டுத் தூசி முழுதும் போகக் கழுவ வேண்டும். மணலோடு தேய்ப்பது பற்றி மேலே சொல்லியாயிற்று. பிறகு பழைய வேட்டித் துணியைத் தேங்காயெண்ணெயில் நனைத்துச் சிங்கத்தின் மேல் போட வேண்டும். டேங்கின் பக்கம் சரிவானது, துணி வழுக்கிக்கொண்டு சீட்டில் வந்து உட்காரும். அதற்கு மேலே ஒரு பாலித்தீன் உறையை ஒட்டவைத்தால் நிற்கும். எண்ணெய் இருப்பதால் உறை தானே ஒட்டிக்கொள்ளும். இதன்பின் வருவதுதான் இம்மதத்தின் கடினமான பகுதி. ஒன்றும் செய்யக்கூடாது. மற்ற மதத்தார் அனைவரும் தவறியது இந்த இடத்தில்தான். ஊற்றியவுடன் தேய்க்காத ஆண்மகனை நான் கண்டதில்லை. அம்மா பலாச்சுளை எடுத்து முடித்து, கொட்டையைத் தனியே பிரித்து, பேப்பரைச் சுருட்டி எறிந்து, ஒரு தூக்கமும் தூங்கி எழுந்த நேரம் துணி அங்கே இருந்தது.

எடுத்துப் பார்த்தால் பசை வெண்மையாக ஊதிப்போய்ச் சேமியா போலத் திரண்டிருந்தது. காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினேன். உலோகமல்ல, கூர்மையல்ல, ஆனால் விறைப்பு உண்டு. அந்தக் கணக்கிலிருந்து எனக்குக் கிடைத்த கடைசிப் பயன் அதுதான். பெரும்பகுதி சுருண்டு வந்தது. மெல்லிய படலமாக மிஞ்சியதற்கு மட்டும் வீட்டில் இருந்த நீலகிரித் தைலத்தை வாலில் சோதித்துவிட்டு, பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு ஒற்றி, உடனே துடைத்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்த மரத்தின் எண்ணெய் அது. தெர்மாகோலைக் கூடக் கரைக்கும் வீரியம் உள்ளது, ஆகவே வண்ணத்தின் மேல் ஊறவிடலாகாது. ஊட்டிக்குப் போய்வந்த ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பாட்டில் திறக்காமல் இருக்கிறது. அது எதற்கென்று இப்போது தெரிந்திருக்கும். ஜலதோஷத்துக்கும் ஆகும்.

மறுபடி ஷாம்பூ, தண்ணீர், மெல்லிய துணி. எறும்பு, வேப்பம்பூ, நூல் எல்லாம் முக்தியடைந்தன. கையை வைத்துத் தடவினேன். வழவழவென்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் சிங்கம் எங்கே இருந்தது என்று சொல்லவே முடியாது.

எச்சவியல்

கண்ணைத் திறந்தேன்.

பதினான்கு வருட வெயிலில் டேங்கின் சிவப்பு சுண்டிப்போய்ச் செங்கல் நிறமாகியிருந்தது. தினமும் பார்ப்பதால் எனக்கு அது தெரியவில்லை. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் நிறமிகளை மெல்லச் சிதைப்பதால் வருவது. சிவப்பு மற்ற நிறங்களைவிட இதில் பலவீனமானது என்பது ஊரில் எந்தக் கட்சிக் கொடியைப் பார்த்தாலும் தெரியும். ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த இடத்துக்கு மட்டும் அந்தப் பதினான்கு வருடமும் வெயில் படவில்லை. அங்கே 2010-ஆம் வருடத்துச் சிவப்பு, சிங்கம் ஒட்டிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே, பிடரி, மீசை, பிளந்த வாய் எல்லாம் துல்லியமாக இருந்தது. ஸ்டிக்கராக இருந்தபோதுகூட அது இவ்வளவு கம்பீரமாக இருந்ததில்லை. இந்தச் சிங்கத்துக்குப் பசையே தேவைப்படவில்லை. எண்ணெயும் தைலமும் இதை ஒன்றும் செய்யா.

பையன் மறுபடி வந்தான். “அங்கிள், புது சிங்கமா? சூப்பர்.”

ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் சுண்டிய மேல்படலம் கொஞ்சம் போகும், இரண்டு சிவப்பும் ஓரளவு கிட்ட வரும் என்றார்கள். தேய்த்தேன். கிட்ட வந்தன, சேரவில்லை. முழு டேங்கையும் ரீபெயிண்ட் அடிப்பதானால் வண்டியின் விலையில் கணிசமான பங்கு. எஞ்சிய வழி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மவுண்ட் ரோட்டிலிருந்து ஜி.பி. ரோட்டுக்குள் வண்டியை நுழைத்து, ரேடியம் கடை ஒன்றின் முன் ஸ்டாண்ட் போட்டேன். இந்த இடத்தை மறைக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றேன். பூவோ, கோடோ, பருந்தோ.

கடைக்காரர் டேங்கைச் சுற்றிவந்து பார்த்தார். விரலால் பிடரியின் ஓரத்தை அளந்தார். உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்து அதன்மேல் பிடித்தார். மீசைக்கு மீசை, காதுக்குக் காது பொருந்தியது.

“வேற எது ஒட்டினாலும் ஓரம் தெரியும் சார். அதே சைஸ் சிங்கமே இருக்கு.”

நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, தாளின் முதுகைச் சுண்டிக் காட்டினார்.

“இது இப்ப வர்ற குவாலிட்டி. பின்னாடி எடுக்கணும்னா தைரியமா எடுக்கலாம். பசையே நிக்காது, சுத்தமா வந்துடும்.”